எட்டு வாரம் பொறுக்க முடியாதா?

கடந்த மார்கழி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய என்னை வாசலிலேயே மறித்த மகள், "அப்பா, கோபிக்கக் கூடாது" என்றாள். முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் உழைப்பவன் என்ற வகையில், இத்தகைய முன்னுரைக்குப் பின்னால் வருவது நல்ல செய்தியாக இருப்பதில்லை என்பதை நான் அறிவேன். குசினி மூலையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் பழைய துவாய். துவாயின் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய வெள்ளைப் பொதி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

பொமரேனியன் இனக் குட்டி. இரண்டு மாதம் நிறைந்துவிட்டது என்று கூறி விற்றிருக்கிறார்கள். விலையைக் கேட்டேன். சொன்னாள். சற்று நேரம் பேசாமல் இருந்தேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"உங்கட பேப்பரில வந்த விளம்பரம்தான் அப்பா."

அதன் பின்னர் கேட்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

வீட்டில் நாய் வளர்ப்பதில்லை என்ற முடிவை நான் எடுத்தது 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி. வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவில், எங்கள் வீட்டு வீமனின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, இரண்டு நாளைக்குப் போதுமான சோற்றைச் சட்டியில் போட்டு வைத்துவிட்டுப் புறப்பட்டோம். சோற்றைத் தொடாமல் அது எங்கள் பின்னாலேயே வந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது சனத்திரளுக்குள் காணாமல் போய்விட்டது. அதுபற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. கொழும்பில் மாடிவீட்டுக்குக் குடிவந்த பின்னர், மனைவியும் மகளும் எத்தனையோ தடவைகள் கேட்டும், 'இடம் போதாது' என்ற காரணத்தையே நான் சொல்லிவந்தேன். மகளுக்கு வீமனைத் தெரியாது.

ஆகவே பஞ்சு (மகள் வைத்த பெயர்) எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாய் வளர்ப்பில் எனக்கிருந்த அறிவு முழுவதும் ஊர்நாய்களைப் பற்றியது. ஊர்நாய் தானாகவே வளரும். வளவில் ஒரு மூலையில் குட்டி போடும். மழைக்கு விறகுக் கொட்டிலுக்குள் ஒதுங்கும். மிஞ்சிய சோற்றையும் மீன்தலையையும் தின்று, எங்களைவிட ஆரோக்கியமாக இருக்கும். அந்த அறிவை வைத்துக்கொண்டு, அன்றிரவு நாங்கள் மூவரும் சேர்ந்து செய்யக்கூடாத அனைத்தையும் செய்து முடித்தோம்.

குட்டியின் உடலில் தெள்ளு ஓடுகிறது என்று மனைவி அதைக் குளிப்பாட்டினார். நான் வீட்டிலிருந்த பால்மாவைக் கரைத்து வைத்தேன். அது இரண்டு தரம் நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. களைப்பாக இருக்கும், காலையில் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பெட்டியை வெறும் ரைல்ஸ் தரையில் வைத்து, மின்விசிறியையும் நிறுத்தாமல் படுக்கச் சென்றோம்.

அதிகாலை ஐந்து மணிக்கு மனைவி என்னை எழுப்பினார். "இஞ்சாருங்கோ, குட்டி அசையேல்லை."

தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கழுத்து துவண்டு விழுந்தது. வாயோரத்தில் சிறு துடிப்பு மாத்திரம் இருந்தது. துவாயில் பால்மா வயிற்றோட்டத்தின் கறை. அயல்வீட்டு நண்பர் ஒருவர், காய்ச்சலாக இருக்கும், பனடோலில் கால்வாசி கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஆலோசனையை நாங்கள் கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. மனிதருக்கான பரசிற்றமோல் நாய்களின் ஈரலையும் குருதியையும் தாக்கக்கூடியது. நானூறு கிராம்கூட இல்லாத உடலுக்கு எந்தக் 'கால்வாசி' பாதுகாப்பானது?

மகள் தொலைபேசியில் ஒரு மிருக வைத்தியரைப் பிடித்துவிட்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: குளுக்கோஸைச் சிறிது நீரில் குழைத்து விரலால் முரசில் பூசுங்கள். தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம், விழுங்கும் நிலையில் அது இல்லை, சுவாசப்பைக்குள் போய்விடும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்துக்கொண்டு உடனே கொண்டு வாருங்கள். குளுக்கோஸ் இல்லையென்றால் தேன் அல்லது சீனிப்பாகு. முச்சக்கர வண்டியில் போகும் வழியில், ஏறத்தாழப் பத்து நிமிடங்களில், குட்டி தலையைத் தூக்கியது. பிழைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்துப் பாதி வழியில் திரும்பிவிடுபவர்களும் உண்டு என்று வைத்தியர் பின்னர் சொன்னார். பூசிய சீனி சிறிது நேரத்துக்கே தாங்கும். கவனிக்காவிட்டால் மீண்டும் விழும்.

வைத்தியர் பேராதனையில் கற்ற ஓர் இளம்பெண். கையுறையை மாட்டிக்கொண்டு, குட்டியின் வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். மேசையில் நிற்கவைத்து நடையைப் பார்த்தார். "அங்கிள், இதற்கு ஐந்து வாரம்கூட ஒழுங்காக ஆகவில்லை" என்றார். எடை 380 கிராம். முரசு வெளிறியிருந்தது. தோலைக் கிள்ளி விட்டபோது அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குருதியில் சீனி வெகுவாகக் குறைந்திருந்தது. வயிறு மட்டும் உடலுக்குப் பொருத்தமில்லாமல் உப்பியிருந்தது: புழு.

பிறகு அவர் மகளின் கைகளைப் பார்த்தார். பால்பற்களின் கீறல்கள் இருந்தன. தாய்நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. தாயைக் கண்டீர்களா என்று கேட்டார். மகள் காணவில்லை. ஒரு வீட்டின் வாசலில், கூடையொன்றில் மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். விற்றவருக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தோம். 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்ற பதிலுக்கு மேல் எதையும் பெற முடியவில்லை. அன்று பிற்பகல் மகள் அரசாங்க வைத்தியசாலையில் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றாள். ஒரு பரிசுப் பொருளாக வீட்டுக்கு வந்த குட்டி, எங்களை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

இத்தனை சிறிய உடல் ஏன் இவ்வளவு விரைவாகச் சரிந்துவிடுகிறது என்பதை அந்த வைத்தியர் பொறுமையாக விளக்கினார். உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம். வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கக்கூடிய சக்தியோ மிகக் குறைவு. பெரிய இனக் குட்டி ஓர் இரவு பட்டினி கிடந்தாலும் சமாளிக்கலாம். பொமரேனியன், சிவாவா போன்றவற்றின் ஐந்து வாரக் குட்டிக்குச் சில மணித்தியாலங்களே போதும். குளிர், பயணக் களைப்பு, தாயைப் பிரிந்த அச்சம், வயிற்றோட்டம் ஆகிய நான்கையும் நாங்கள் ஒரே இரவில் அதற்குக் கொடுத்திருந்தோம்.

பொமரேனியன் எப்போதும் இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால்டிக் கடலோரப் பிரதேசமொன்றின் பெயரைக் கொண்ட இந்த இனம், வடபுலத்துப் பனிவண்டி இழுக்கும் நாய்களின் உறவு. முற்காலத்தில் இன்றையதைவிடப் பல மடங்கு பெரியது. 1888 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து விக்டோரியா மகாராணியார் 'மார்கோ' என்ற சிறிய பொமரேனியனைக் கொண்டுவந்த பின்னர், சிறியதே அழகு என்ற மோகம் பரவியது. மகாராணியார் பார்த்தார், பிரபுக்கள் பார்த்தனர், இன்று கொழும்பின் மாடிவீடுகளில் நாமும் பார்க்கிறோம். 'தேநீர்க் கோப்பை அளவுக் குட்டி' என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். எந்த அங்கீகாரம் பெற்ற நாய்ச் சங்கமும் அப்படியொரு வகையை ஏற்றுக்கொண்டதில்லை. ஈற்றில் மெலிந்ததோ வயது குறைந்ததோதான் பல வேளைகளில் அந்தக் கோப்பைக்குள் உட்காருகிறது.

இரண்டு நாள் சேலைன் ஏற்றி வைத்திருந்தார்கள். பார்வோ வைரசுக்கான சோதனையும் செய்தார்கள். 1978 அளவில் உலகெங்கும் பரவிய இந்த நோய், வாந்தியும் இரத்த வயிற்றோட்டமுமாகக் குட்டிகளை ஓரிரு நாட்களிலேயே கொல்லக்கூடியது. அதன் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்வாழும். எங்கள் நல்ல காலம், இல்லை என்று முடிவு வந்தது. 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்ற விற்பனையாளரின் வாக்கை நான் நினைவூட்டியபோது வைத்தியர் சிரித்தார். தாயின் முதற்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அது தடுப்பூசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரையில் சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னர் 'எல்லா ஊசியும்' என்பது பொய், அல்லது பயனற்ற உண்மை.

அதன் பின்னர் தொடங்கியது எங்கள் வீட்டு இரவுப்பணி. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உணவு. பசும்பாலும் எங்கள் பால்மாவும் கூடாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், பாற்சீனியோ குறைவு. அந்தப் பாற்சீனிதான் வயிற்றோட்டத்தைக் கூட்டியது. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டி உணவை அதில் ஊறவைத்து மசித்துத் தட்டில் வைக்க வேண்டும். தானாக நக்காதபோது சிரிஞ்சினால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம், ஆனால் வயிறு கீழே இருக்க, அது நிற்கும் நிலையில். நம் வீடுகளில் கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் புகட்டுவதைக் கண்டிருக்கிறேன். சுவாசப்பைக்குப் பால் போவதற்கு அதைவிட இலகுவான வழி கிடையாது. இன்னொன்று, குளிர்ந்துபோன குட்டிக்கு உணவு கொடுக்கவே கூடாது. முதலில் சூடு, பிறகுதான் சோறு. குளிர்ந்த உடலில் குடல் இயங்காது, உண்டது உள்ளேயே கிடந்து புளிக்கும். சுடுநீர்ப் போத்தலையும் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டுமே வைக்கச் சொன்னார்கள். சூடு அதிகமானால் விலகிப் படுக்க அதற்கு இடம் வேண்டுமல்லவா?

நள்ளிரவுப் பதிப்பை முடித்துப் பழகிய கண்கள் என்பதால், இரவு இரண்டு மணி முறை என்னுடையதாயிற்று. குசினித் தராசில் நாள்தோறும் நிறுத்து, நாட்குறிப்பில் எழுதினேன். 380. அடுத்த நாள் 376. அன்று முழுவதும் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. அதற்கடுத்த நாள் 384. பிறகு 391. புழுவுக்கு வைத்தியர் எடைபார்த்துக் கொடுத்த மருந்தின் பின்னர் வெளியேறியதைப் பார்த்த மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், பால் வழியாகவும் வரும். ஆகவே இரண்டு வார வயதிலிருந்தே மருந்து கொடுத்திருக்க வேண்டும். அந்தப் புழுவின் முட்டைகள் மனிதருக்கும், குறிப்பாகச் சிறுபிள்ளைகளுக்கும், தீங்கு செய்யக்கூடியவை. தெள்ளுக்குப் பெரிய நாயின் மருந்தையோ, எங்கள் ஊர் வழக்கப்படி மண்ணெண்ணெயையோ பூசிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். சீப்பினால் வாரி எடுத்தோம்.

பதினோராம் இரவு, தட்டைக் கீழே வைக்கும் முன்னரே அது என் விரலைக் கடித்தது. வலித்தது. மகளை எழுப்பிச் சொன்னேன்.

இவ்வளவையும் நான் எழுதுவது, நோயுற்ற குட்டியை வீட்டில் வைத்து எப்படிக் காப்பாற்றுவது என்று கற்பிப்பதற்காக அல்ல. நாங்கள் அந்தப் பதினொரு நாட்களும் தூக்கமின்றிச் செய்ததை, ஒரு தாய்நாய் கூலியின்றி, பிழையின்றிச் செய்திருக்கும். சூடு கொடுத்திருக்கும், பால் கொடுத்திருக்கும், மலம் கழிக்கும் இடத்தைப் பழக்கியிருக்கும், கடி எவ்வளவு என்பதைக் கூடப்பிறந்த குட்டிகள் கற்றுக்கொடுத்திருக்கும். பஞ்சுவுக்கு வந்தது நோய் என்று சொல்வதைவிட, அதனிடமிருந்து மூன்று வாரம் களவாடப்பட்டது என்று சொல்வதே பொருந்தும்.

விற்றவருடன் பின்னர் ஒரு தடவை நிதானமாகக் கதைத்தேன். அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வேலையிழந்து, வீட்டில் இரண்டு பெட்டை நாய்களை வைத்து உழைப்பவர். எட்டு வாரம் வைத்திருந்தால் உணவுச் செலவும் ஊசிச் செலவும் தன் தலையில் என்றார். அது மட்டுமன்று, வளர்ந்த குட்டியை யார் வாங்குகிறார்கள், எல்லோரும் 'குட்டிக் குட்டியாக' அல்லவா கேட்கிறார்கள் என்றார். மகள் அந்தக் கூடையில் மிகச் சிறியதைத்தான் தெரிவு செய்தாள் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. கூடையிலிருந்த மற்றைய இரண்டும் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். ஒன்று நன்றாக இருக்கிறதாம். மற்றையது, வாங்கிச் சென்ற மூன்றாம் நாள் செத்துவிட்டதாக அந்த வீட்டார் ஏசினார்களாம். "கிளைமேட் சரியில்லை" என்றார்.

எமது நாட்டில் மிருகவதையைத் தடுப்பதற்கென்று பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. தாயிடமிருந்து குட்டியை எத்தனை வாரத்தில் பிரிக்கலாம் என்று அது பேசவில்லை. அக்காலத்தில் அதற்குத் தேவையும் இருந்திருக்காது. அயல்நாடான இந்தியாவில் 2017 இல் வந்த விதிகள், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது என்பதால் அங்கு அது நடப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. சென்னைக்கு அடிக்கடி சென்று வருபவன் நான். இங்கிலாந்தில் 2018 ஒக்டோபரிலிருந்து உரிமம் பெற்றவர்கள் எட்டு வாரத்துக்கு முன் விற்க முடியாது, தாயுடன் வைத்தே காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில், குட்டிப் பண்ணையொன்றில் வதைபட்டு மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் வழங்கும் சட்டம் வந்து, இடைத்தரகர்கள் குட்டி விற்பதையும் தடுத்தது.

அந்த 2018 விதிகளில் என்னைத் தைத்த பகுதி வேறு. உரிமம் பெற்றவர் கொடுக்கும் விளம்பரத்தில் உரிம இலக்கம் இருக்க வேண்டும், அந்தப் பிராணியின் அடையாளம் காணத்தக்க படம் இருக்க வேண்டும், வயது இருக்க வேண்டும். விளம்பரத்தில்!

நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில், சிறுவிளம்பரப் பக்கத்தின் ஒப்புநோக்கல் புதியவர்களின் தலையில் விழும். 'பொமரேனியன் குட்டிகள் விற்பனைக்கு' என்ற நான்கு வரியை எத்தனை ஞாயிறுகள் திருத்தியிருப்பேன்! 'பொமனேரியன்' என்று வந்தால் சிவப்பு மையால் சரிசெய்வேன். எழுத்துப்பிழை எனக்குப் பட்டது. பிறந்த திகதி இல்லாதது ஒரு நாளும் படவில்லை. இன்று பெரும்பாலான குட்டிகள் பேஸ்புக்கில் விற்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனாலும் அச்சில் வருவதற்கு மக்கள் இன்னமும் ஒரு மதிப்புக் கொடுக்கிறார்கள். என் மகளும் கொடுத்தாள்.

விளம்பரப் பகுதி முகாமையாளரிடம் சென்றேன். பழைய நண்பர். குட்டி விளம்பரம் தருபவர் பிறந்த திகதியையும், வாங்க வருபவர் தாயைப் பார்க்கலாமா இல்லையா என்பதையும் எழுதித்தர வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கக் கூடாது என்றேன். எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு விளம்பரமே வேண்டாம் என்றேன். அவர் தேநீரை உறிஞ்சிவிட்டு, "மணமகள் தேவைப் பக்கத்தில வயசைச் சரிபார்க்காமல்தானே போடுறம், நாய்க்குட்டிக்கு மட்டும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேக்கச் சொல்லுறியே?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் விடவில்லை. மணமகள் தன் வயதைத் தானே சொல்லுவாள் என்றேன். கணினியில் அந்தப் படிவத்தை மாற்றுவதற்கு மேலிடத்தின் அனுமதி தேவை என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை நினைவூட்டலும் அனுப்பியிருக்கிறேன்.

கடந்த ஞாயிறு பக்கத்தில் நாய்க்குட்டி விளம்பரங்கள் ஐந்து இருந்தன. ஒன்றில் மட்டும் பிறந்த திகதி போட்டிருந்தது. கணக்குப் பார்த்தேன், ஒன்பது வாரம். அந்த இலக்கத்துக்கு அழைத்து, வாங்கும் எண்ணம் எனக்கில்லை, திகதி போட்டதற்கு நன்றி சொல்லவே எடுத்தேன் என்றேன். மறுமுனையில் இருந்த பெண்மணி என்னை ஒரு பைத்தியக்காரன் என்று எண்ணியிருக்கக்கூடும்.

பஞ்சு இப்போது ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். இரவு இரண்டு மணிக்கு இன்றும் எழுந்து வந்து என் கட்டிலருகே நிற்கிறது. அந்த நேரத்துச் சாப்பாட்டை நிறுத்தி மாதக் கணக்காகிவிட்டது.